பத்து நிமிடம் தாங்காத எழுத்து

அந்தத் தெருவில் அவளுக்குப் பச்சைக்கண்ணாடி என்று பெயர். பெயர் வெட்டும் கடையில் லேசர் இயந்திரத்துக்கு முன்னால் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவள். உலோகத்தில் எழுத்து வெட்டும்போது கண்ணுக்கு ஆபத்து என்பதால் பச்சை நிறக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் கழற்றாமல் நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவாள். அப்படியே பெயர் ஒட்டிக்கொண்டது.

கோபக்காரி என்பதும் தெருவுக்கே தெரியும். ஆனால் அவள் கோபத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. வீட்டு வாசலுக்கு மரப்பலகையில் பெயர் வெட்டித்தரச் சொல்லி ஒருவர் வந்தால், அவளுடைய முதல் கேள்வி எழுத்தைப் பற்றி இருக்காது.

“மழை படுற இடமா?”

“ஆமா, வாசல்தானே.”

“அப்ப மரம் வேணாம்.”

“மரத்துலதாம்மா அழகா இருக்கும்.”

“ரெண்டு வருஷம் அழகா இருக்கும். அப்புறம் வெயில் பட்டு மரம் சாம்பலா வெளுத்துடும், கருகின எழுத்தும் கூடவே வெளுத்துடும். உங்க வீட்டுக்கு வர்றவங்க பக்கத்து வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு நிப்பாங்க. பரவாயில்லயா?”

வந்தவர் முகம் சுருங்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும் முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். அவள் விடமாட்டாள். தப்பான பொருளில் சரியான எழுத்தை வெட்டுவதைப்போல எரிச்சலூட்டும் வேலை வேறு இல்லை என்பது அவள் கட்சி.

இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. ஒவ்வொரு புதுப் பொருள் கடைக்கு வரும்போதும் அதில் ஒரு துண்டு வெட்டி, அதில் தன் கையெழுத்தைப் போட்டு, எங்காவது போட்டுவைப்பாள். சிலது கடையின் தகரக் கூரைமேல் வெயிலில் கிடக்கும். சிலது பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊறும். ஒன்றைத் தையற்காரரான தன் கணவனின் இஸ்திரிப்பெட்டிக்குக் கீழே வைத்து, அவர் தைத்துக்கொண்டிருந்த சட்டையைத் தீய்த்துவிட்டாள். “எனக்கு வாழ்க்கப்பட்டியா, இந்தத் துண்டுக்கு வாழ்க்கப்பட்டியா?” என்று அவர் அன்று கேட்டது இன்னும் அந்த வீட்டில் ஓடுகிற கிண்டல்.

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. இரண்டு நிறம் கொண்ட பிளாஸ்டிக் பலகையில் வெட்டினால் வீட்டுக்குள் எத்தனை வருடமும் இருக்கும். வெயிலில் மேல்தோல் வெடித்துவிடும். கண்ணாடியில் வெட்டிய எழுத்து கண்ணாடி உடையும்வரை இருக்கும். எவர்சில்வரில் கறுப்பாகச் சுட்டு எழுதலாம், ஒரு நொடி வேலை, பார்க்க அச்சடித்த மாதிரி இருக்கும். ஆனால் அது தோல்மேல் இருக்கிற மச்சம் மாதிரி, அமிலம் பட்டால் மங்கிவிடும். அதே எவர்சில்வரில் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு உலோகத்தைக் குடைந்து வெட்டினால், மேலே பெயிண்ட் அடித்தாலும் விரலால் தடவிப் படிக்கலாம். சாயமேற்றிய அலுமினியத்தில் லேசர் பட்ட இடம் வெள்ளையாகும், சுற்றிலும் கறுப்பு. அதைப்போலப் பளிச்சென்று எதுவும் இருக்காது. அதைப்போல ஏமாற்றுவதும் எதுவும் கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே இருக்கும் பால் தொழிற்சாலையிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. புதுப் பகுதி கட்டி முடித்திருந்தார்கள். குழாய்களில் இருக்கும் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு வில்லை தொங்கவிட வேண்டும். எண், உள்ளே ஓடுவது என்ன, மூலையில் பொருத்திய மாதமும் வருடமும். மொத்தம் இருநூற்றுப் பத்து. பொருள், கறுப்பு அலுமினியம்.

அந்தத் தொழிற்சாலையில்தான் அவள் தம்பி குழாய்ப் பராமரிப்பு வேலை பார்த்தான். பால் ஓடும் குழாய்களைத் தினமும் கொதிக்கக் கொதிக்கக் காஸ்டிக் சோடா விட்டுக் கழுவுவார்கள் என்று அவன் சொல்லி அவளுக்குத் தெரியும். பட்டியலைப் படித்ததும் முதலாளியிடம் போனாள்.

“சார், இது அலுமினியத்துல வேணாம். காஸ்டிக் பட்டா அந்தக் கறுப்பே கரைஞ்சு போயிடும். கறுப்பு போனா எழுத்தும் போச்சு. எவர்சில்வர்ல ஆழமா வெட்டணும்.”

“ஒண்ணுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“கால்மணி நேரம்.”

“இருநூத்திப் பத்துக்கு?”

அவள் விரல்விட்டு எண்ணினாள். ஐம்பது மணி நேரத்துக்கு மேல்.

“திங்கக்கிழம தொறப்பு விழாம்மா. பெரிய மனுசங்க எல்லாம் வர்றாங்களாம். கறுப்புல வெள்ள எழுத்துதான் எடுப்பா இருக்கும்னு அவங்களே கேக்கறாங்க. நீ என்ன, அவங்க தொழிற்சாலைய அவங்களுக்கே கத்துத் தரப்போறியா?”

அவள் கத்தினாள். முதலாளியும் கத்தினார். கடைசியில் உட்கார்ந்து வெட்டினாள். ஒன்றுக்கு இருபது நொடி. அன்றைக்கே முடிந்தது. அழகாகத்தான் இருந்தன. பிற்பாடு தம்பியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், அப்புறம் மறந்துபோனாள். தான் மறந்ததை அவளால் பிறகு ஒருநாளும் மன்னிக்க முடியவில்லை.

மூன்று வருடம் கழித்து, ஒரு முற்பகலில் தம்பி மனைவி போன் செய்தாள். “அண்ணி, உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

நடந்தது இதுதான். புதுத் தொட்டி ஒன்று வந்ததால் போன மாதம் அந்தப் பகுதியில் குழாய்களை இடம் மாற்றியிருந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வால்வுகள், பதினேழும் பதினெட்டும். முன்னே இடப்பக்கம் பதினெட்டு, சுடுநீர்; வலப்பக்கம் பதினேழு, காஸ்டிக். இடம் மாற்றியதில் இரண்டு வால்வும் வில்லையோடு இடம்வலமாக மாறிவிட்டன. யாரும் தம்பியிடம் சொல்லவில்லை. அவன் ஒரு குழாயைக் கழற்றிவிட்டு, சுடுநீரால் அலச வால்வைத் திறந்தான். பீய்ச்சி அடித்தது சுடுநீர் இல்லை. கழுத்து, இடது தோள், இடது கண்.

கண் பார்வை திரும்பாது என்று மருத்துவர் மூன்றாம் நாளே சொல்லிவிட்டார்.

தொழிற்சாலை மேலாளர் பழக்கூடையோடு வந்து பார்த்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, “வில்லையில கொட்ட எழுத்துல போட்டிருக்கு. பாக்காம தொறந்தா நாங்க என்ன பண்றது? கவனக்குறைவு” என்றார், நோயாளி தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டு.

தம்பி தூங்கவில்லை. அவர் போனதும் மெதுவாகச் சொன்னான்: “அதுல எழுத்தே இல்லக்கா. வெறும் தகடு. ரொம்ப நாளாவே அப்படித்தான். எல்லாரும் பழக்கத்துலதான் தொறப்போம்.”

எந்தத் தகடு என்று அவளுக்குத் தெரியும். அதை வெட்டிய கை எது என்றும் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். கட்டுப்போட்ட முகத்தைப் பார்த்ததும் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மறுநாள் முதலாளி போன் செய்தார். அவசர வேலை, ஒரு மணி நேரமாவது வந்துவிட்டுப் போ என்றார். போனாள். மேசைமேல் ஒரு பட்டியல் இருந்தது. கறுப்பு அலுமினிய வில்லைகள், நாற்பது. பதினேழு, காஸ்டிக். பதினெட்டு, சுடுநீர். மூலையில் போட வேண்டிய தேதி மட்டும் மூன்று வருடத்துக்கு முந்தியது.

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

“இது என் தம்பி அடிபட்ட இடம் சார்.”

“எனக்கென்னம்மா தெரியும். ஆர்டர் வந்துச்சு.” முதலாளி அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

“சரி. தேதிய மாத்துங்க. இந்த மாசம்னு போடச் சொல்லுங்க. இப்பவே உக்காந்து வெட்டித் தர்றேன்.”

“அவங்க பழைய தேதிதான் கேக்கறாங்க.”

“எதுக்குக் கேக்கறாங்க?”

“நம்ம வேல எழுத்து வெட்டுறது. விசாரண பண்றது இல்ல.”

“பொய்ய வெட்டுறதும் நம்ம வேலயா? அவன் கண்ணு போயிடுச்சு சார். அவன் பாக்காம தொறந்தான்னு சொல்றதுக்குத்தானே இத மாட்டப் போறாங்க? அத நானே வெட்டித் தரணுமா? நானே?”

அவள் கத்தியதில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள். பச்சைக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் எறிந்தாள். அலமாரியிலிருந்து தன் சோதனைத் துண்டுகளை வாரித் துணிப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பன்னிரண்டு வருடம் அங்கே முடிந்தது. அந்த நாற்பதையும் முதலாளியே உட்கார்ந்து வெட்டிக் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது.

பத்து நாள் கழித்து விசாரணை என்று அறிவித்தார்கள். அதற்குள் தொழிற்சாலை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தது. பதினேழாம் வால்வில் பளபளவென்று வில்லை. காஸ்டிக் என்று தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது. கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களுக்கும் வேலை வேண்டும். போட்டோவைத் தம்பி மிச்சமிருந்த கண்ணுக்கு நெருக்கமாக வைத்து வெகுநேரம் பார்த்தான்.

“ஒருவேள நான்தான் சரியாப் பாக்கலயோக்கா?”

கண் போனதைவிட இதுதான் அவளைக் கொன்றது. ஒரு மனிதன் தன் கண்ணால் கண்டதையே சந்தேகப்படும்படி செய்துவிட்டார்களே என்று பல்லைக் கடித்தாள். முதலாளி பழைய தேதி போட்ட கதையை அவள் சொல்லலாம்தான். அவர் இல்லை என்பார். அவள் வாய்க்கு எதிரே அவர் வாய், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து துணிப்பையைக் கொட்டினாள். அடைப்பெடுக்க விற்கும் காஸ்டிக் சோடாவை வாங்கி வந்து, வெந்நீரில் கரைத்து, பழைய எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினாள். மரத்துண்டு ஒன்றில், பிளாஸ்டிக் ஒன்றில், கறுப்பாகச் சுட்ட எவர்சில்வர் ஒன்றில், ஆழமாக வெட்டியது ஒன்றில், அலுமினியம் ஒன்றில்.

“வீட்ட ஆய்வுக்கூடமாக்கிட்டியா?” என்று கேட்ட கணவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் போனார்.

மரம் கறுத்து ஊறிப்போனது. பிளாஸ்டிக் தாங்கியது. எவர்சில்வர் இரண்டும் அசையவில்லை. அலுமினியம் ஐந்தாம் நிமிடம் பொங்க ஆரம்பித்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு வந்தது சந்தோஷம் இல்லை. இதை மூன்று வருடத்துக்கு முன்னால் முதலாளி மேசைமேல் செய்துகாட்டியிருக்கலாமே என்ற ஆத்திரம்.

விசாரணை தொழிற்சாலையின் கூட்ட அறையில் நடந்தது. அரசுத் தரப்பில் ஆய்வாளராக வந்தவர் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். தம்பி துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று விதி இருந்ததால் அக்கா கூட வந்தாள். மேலாளர் ஒரு காகித உறையிலிருந்து வில்லையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“மேடம், பதினேழாம் வால்வுல இருந்தது. பாருங்க, தேதியே இருக்கு. மூணு வருஷமா அங்கதான் தொங்குது.”

ஆய்வாளர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாத் தெளிவா இருக்கே” என்றார்.

“நான் ஒண்ணு கேக்கலாமா மேடம்?” என்றாள் அக்கா.

“இவங்க வெளியாள்” என்றார் மேலாளர்.

“துணைக்கு வந்தவங்க கேக்கலாம். கேளுங்க.”

அவள் மேலாளர் பக்கம் திரும்பினாள். “அந்த எடத்தத் தெனமும் கழுவுவீங்களா சார்?”

“தினமும் ரெண்டு வேள. தரை, சுவர், குழாய் எல்லாத்துக்கும் நுரை அடிச்சு. சுத்தத்துல எங்கள அடிச்சுக்க ஆளே கெடையாது.”

“அந்த நுரையில என்ன சார் இருக்கு?”

“காஸ்டிக் கலந்த...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

“மூணு வருஷம், தெனம் ரெண்டு வேள. ரெண்டாயிரம் தடவைக்கு மேல காஸ்டிக் குளிச்ச வில்ல இது. அப்படித்தானே? மேடம், இவங்க தொட்டியில இருந்தே ஒரு குவள காஸ்டிக் கொண்டுவரச் சொல்லுங்க. பத்து நிமிஷம் போதும்.”

மேலாளர் எழுந்தார். இது விசாரணையா வித்தையா என்றார். ஆய்வாளர் அவரை உட்காரச் சொன்னார். தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்துப் பெண் கையுறை, முகமூடியோடு ஆவி பறக்க ஒரு எவர்சில்வர் குவளையைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தாள். வில்லையை முக்கினால் ஆதாரம் அழிந்துவிடும் என்பதால் ஆய்வாளர் முதலில் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு, பக்கத்து வால்வின் வில்லையையும் கழற்றிவரச் சொல்லி அதைத்தான் கொடுத்தார். அதுவும் அதே தேதி, அதே பளபளப்பு. அக்கா அதைக் கம்பியில் கோத்து உள்ளே இறக்கினாள்.

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. மேலாளர் லேசாகச் சிரித்தார். மூன்றாம் நிமிடம் விளிம்பில் ஊசிமுனைபோலக் குமிழிகள். ஐந்தாம் நிமிடம் குவளை முழுக்கப் பொங்கியது, கறுப்பு பழுப்பானது. எட்டாம் நிமிடம் தூக்கி, தண்ணீரில் அலசி, ஒரு வெள்ளைத்தாள்மேல் வைத்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு தகடு. எண் இல்லை, சுடுநீர் இல்லை, தேதி இல்லை.

“தம்பி, இதானே நீ பாத்தது?”

தம்பி ஒற்றைக் கண்ணை அதன்மேல் வைத்தபடி தலையாட்டினான். “இதேதான். இதேதாங்க்கா.”

“முக்குறதும் நுரை தெளிக்கிறதும் ஒண்ணா?” என்று மேலாளர் குரலை உயர்த்தினார். “நுரைய உடனே தண்ணி ஊத்திக் கழுவிடறோம். இத வெச்சு எதையும் சொல்ல முடியாது.”

“சரி சார். அப்ப அடுத்த கூடத்துக்குப் போவோம். அங்க தொங்குறதும் அதே நாள்ல, அதே பொருள்ல வெட்டினதுதான். இங்க நாப்பதுதான் மாத்தியிருக்கீங்க. மிச்சம் நூத்தி எழுபது அப்படியேதானே இருக்கு?”

“அங்க வேல நடக்குது, இப்ப போக முடியாது” என்று மேலாளர் சொல்லிமுடிப்பதற்குள் ஆய்வாளர் கதவருகே போய்விட்டார்.

அடுத்த கூடத்தில் குழாய்கள் இடுப்பளவில் வரிசையாக ஓடின. ஒவ்வொரு வால்விலும் ஒரு வில்லை. ஆய்வாளர் ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திப் பார்த்தார். மொட்டை. மொட்டை. ஒன்றில் ஒரு மூலையில் மட்டும் கறுப்பு திட்டாக ஒட்டியிருந்தது. மறுபடி மொட்டை. நுரை எட்டாத உயரத்தில், கூரையோரம் தொங்கிய ஒன்று மட்டும் புத்தம்புதிதாக, கறுப்பும் வெள்ளையுமாக மின்னியது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், யாரும் கேட்காமலே, “ஆறு மாசத்துலயே அழிஞ்சு போச்சும்மா. நாங்க சொல்லிக்கிட்டேதான் இருந்தோம்” என்றார்.

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார்: “இதெல்லாம் ஒரே நாள்ல வெட்டினதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தம்பி பக்கத்திலேயே நின்றான்.

“நான்தான் மேடம் வெட்டினேன். இருநூத்திப் பத்தையும். காஸ்டிக்குக்குத் தாங்காதுன்னு தெரிஞ்சேதான் வெட்டினேன். சண்ட போட்டேன். ஆனா வெட்டிட்டேன்.”

தம்பி திரும்பினான். இடப்பக்கம் கண் இல்லாததால் முகத்தை முழுக்கத் திருப்பித்தான் அவளைப் பார்க்க முடிந்தது. நடந்து வெளியே போய்விட்டான்.

அறிக்கை ஒரு மாதத்தில் வந்தது. தொழிலாளி மீது தவறில்லை. விபத்துக்குப் பிறகு வில்லைகளை மாற்றிப் பழையதாகக் காட்டியது குற்றம். தொழிற்சாலை முழுக்க எவர்சில்வரில் ஆழமாக வெட்டிய வில்லைகள் மாட்ட வேண்டும். மேலாளரை வேறோர் ஊர்த் தொழிற்சாலைக்கு, அதே பதவியில், மாற்றினார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று அவள் வீட்டில் ஒரு தட்டு உடைந்தது. பழைய முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை, தேதியைக் கவனிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

தம்பி அவளோடு பேசவில்லை. அவள் போனால் உள்ளறைக்குப் போய்விடுவான். தம்பி மனைவிதான் நடுவில் கிடந்து தவித்தாள். “அவருக்குக் கோபம் நீங்க வெட்டினதுக்கு இல்ல அண்ணி. ஆஸ்பத்திரியில பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு மறைச்சுட்டீங்களே, அதுக்குத்தான்.” தன்மேல் அவளுக்கே இருந்த கோபம் அதைவிடக் கொஞ்சமும் குறைவில்லை.

இயந்திர உதிரிப்பாகங்களுக்கு எண் வெட்டும் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. ஐந்தாவது மாதம், ஒரு காலையில், பட்டறை வாசலில் தம்பி வந்து நின்றான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். கையில் ஒரு கட்டுக் காகிதம்.

“வால்வு எல்லாத்துக்கும் பேரு சரிபாக்கற வேலைய என்கிட்டக் குடுத்திருக்காங்க” என்றான், அவளைப் பார்க்காமல். “எவர்சில்வர். அரை மில்லிமீட்டர். ஒவ்வொண்ணையும் நான் படிச்சுப் பாத்துத்தான் எடுத்துட்டுப் போவேன்.”

“உக்காரு.”

“உன்கிட்டப் பேச வரல. வேலைக்கு வந்திருக்கேன்.”

“பேசவே சொல்லல. உக்காருன்னுதான் சொன்னேன்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முதல் வில்லை வெட்டி முடிய கால்மணி நேரம் ஆனது. துடைத்துக் கொடுத்தாள். எழுத்துகளுக்குள் கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்த்தான், முகத்தருகே கொண்டுபோய்ப் படித்தான், பெட்டியில் போட்டான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் திருப்பி மேசைமேல் தள்ளினான்.

“இது தப்பு. நாப்பத்தொண்ணு. நீ நாப்பத்தேழுன்னு போட்டிருக்க.”

“உன் காகிதத்துல ஏழுன்னுதான்டா இருக்கு.”

“அது ஒண்ணு.”

“இந்தக் கோழிக் கிறுக்கல எவன்டா எழுதினான்?”

“நான்தான் எழுதினேன். ஒத்தக் கண்ண வெச்சுக்கிட்டு எழுதறவன் எப்படி எழுதுவான்? உனக்குச் சந்தேகம்னா கேக்க வேண்டியதுதானே? வாயில என்ன, கொழுக்கட்டையா? கேக்காம வெட்டிடுவியா? மறுபடியும்?”

பட்டறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அந்த வில்லையை எடுத்துக் குப்பைத்தொட்டியில் வீசினாள்.

“சரி, படி. நீயே சத்தமாப் படிச்சுச் சொல்லு. நான் வெட்டறேன்.”

“நாப்பத்தொண்ணு. குளிர்ந்த தண்ணி.”

“கத்தாதடா, காது கேக்குது.”

“கத்துவேன்” என்றான் தம்பி. சாயங்காலம் வரைக்கும் கத்திக் கத்தியே படித்தான்.